நீங்கள் தைக்கும் லேபல் யாருடையது? வெளிநாட்டு நிறுவனங்களிடம் நியாயம் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

கிழக்கிலங்கையின் ஏறாவூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் ஒரு நாள் மாலை ஒரு பஸ் டிக்கெட்டை என் மேசையில் வைத்தார். அதன் பின்புறத்தில் ‘சீ ஏ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஐந்து இலக்கங்களும் பேனையால் எழுதப்பட்டிருந்தன. “ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையாவது இந்த லேபலைத் தைக்கிறேன் தம்பி. மனப்பாடமாகிவிட்டது. இதை வைத்து ஏதாவது செய்யலாமா?” என்று கேட்டார்.

அவருடைய குறை புதியதல்ல. மேலதிக நேர வேலை கட்டாயமாக வாங்கப்படுகிறது. சம்பளச் சிட்டையில் அந்த நேரம் பாதிதான் வருகிறது. மேற்பார்வையாளரிடம் கேட்டால் “பிடிக்காவிட்டால் போகலாம்” என்ற பதில். தொழிற்சாலையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த இலக்கம் திறந்துவிட்ட கதவுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். சில வருடங்கள் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் ஆளணிப் பிரிவில் இருந்தவன் நான். இப்போது பிறருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். இரண்டு பக்கத்தையும் பார்த்தவன் என்ற துணிவில் சொல்கிறேன்: நம் ஆட்கள் பெரும்பாலும் தோற்பது நியாயம் இல்லாததால் அல்ல, கடிதம் தவறான முகவரிக்குப் போவதால்.

‘எதிர்பார்ப்பு’ என்ற சொல்

2011 ஜூன் 16 அன்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை, தொழில் நிறுவனங்களும் மனித உரிமைகளும் பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. மொத்தம் 31 கோட்பாடுகள். அவற்றில் இரண்டாவது நமக்கு முக்கியமானது. தன் மண்ணில் பதிவான நிறுவனங்கள் எந்த நாட்டில் இயங்கினாலும் மனித உரிமைகளை மதிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை ஒவ்வோர் அரசும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. பிரித்தானியா 2013-இல் இதற்கென ஒரு தேசியத் திட்டத்தை வெளியிட்டது. பல நாடுகள் பின்தொடர்ந்தன.

எதிர்பார்ப்பு என்பது சட்டமா? இல்லை. அதற்காக அதை வெறும் வாய்ப்பேச்சு என்று ஒதுக்கிவிடவும் கூடாது. ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். 2016 டிசம்பரில் அந்நாட்டு அரசு தன் நிறுவனங்களிடம், வெளிநாட்டு வழங்குநர்களிடம் நடப்பதை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள் என்று எதிர்பார்ப்பாகத்தான் சொன்னது. 2020-க்குள் 500 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் பாதியாவது அதைச் செய்ய வேண்டும் என்று இலக்கும் வைத்தது. கடைசியில் எண்ணிப் பார்த்தபோது தேறியவை 13 முதல் 17 சதவீதம் மட்டுமே. 2021-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. மதிக்கப்படாத எதிர்பார்ப்பு சட்டமாகிறது என்பது நிறுவனங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே ‘உங்கள் அரசு உங்களிடம் எதிர்பார்ப்பது இது’ என்று தொடங்கும் கடிதத்தை அவர்கள் எளிதில் குப்பைக் கூடையில் போடமாட்டார்கள்.

படி 1: யார் வாங்குகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

தொழிற்சாலையின் பெயர் எல்லோருக்கும் தெரியும். பொருளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் பலருக்குத் தெரியாது. சட்டையில் தைக்கும் வணிகப் பெயர் ஒன்றாக இருக்கும், நிறுவனத்தின் பெயர் வேறாக இருக்கும். இங்கேதான் கழுவும் முறை அச்சிட்ட அந்தச் சின்ன லேபல் உதவுகிறது. ‘சீ ஏ’ எழுத்துகளுடன் ஐந்து இலக்கம் இருந்தால் அது கனடா அரசு கொடுத்த அடையாள இலக்கம். ‘ஆர் என்’ எழுத்துகளுடன் இலக்கம் இருந்தால் அது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு கொடுத்தது. இரண்டு நாடுகளும் இந்த இலக்கங்களை இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்க வைத்திருக்கின்றன. அக்காவின் பஸ் டிக்கெட்டில் இருந்த இலக்கத்தை அன்றிரவு தட்டியபோது நிறுவனத்தின் சட்டபூர்வமான பெயரும் முகவரியும் பத்து நிமிடத்தில் வந்துவிட்டன. கனடிய நிறுவனம். ஆறு வருடம் தைத்தவருக்கு அதுவரை அந்தப் பெயர் தெரியாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: லேபலை வெளியே எடுத்து வராதீர்கள். ஒரு துண்டு லேபலுக்காகத் திருட்டுப் பட்டம் சுமத்தி வேலையை விட்டு நிறுத்துவார்கள். இலக்கத்தை மனதில் வைத்து வந்தால் போதும்.

இலக்கம் கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. பெரிய வணிகப் பெயர்கள் பல தங்கள் தொழிற்சாலைகளின் பெயர், முகவரிப் பட்டியலைத் தாமே வெளியிடுகின்றன. ‘ஓப்பன் சப்ளை ஹப்’ என்ற திறந்த இணையத் தளத்தில் அந்தப் பட்டியல்கள் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே மட்டக்களப்பு, ஏறாவூர், அம்பாறை என்று ஊரின் பெயரை ஆங்கிலத்தில் அடித்துத் தேடலாம்.

நண்டு, இறால், மீன் விடயத்தில் லேபல் இல்லை. அங்கே சங்கிலி நீளமானது: வாவியில் பிடிப்பவர், கரையில் நிறுத்து வாங்குபவர், குளிரூட்டும் நிலையம், ஏற்றுமதியாளர், பிறகு வெளிநாட்டு இறக்குமதியாளர். பெட்டியில் ஒட்டும் முகவரிச் சீட்டுத்தான் துப்பு. பொதி கட்டும் பெண்கள் அதைத் தினமும் பார்க்கிறார்கள்.

படி 2: அந்த நாடு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது?

நிறுவனம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டைப் பொறுத்துத்தான் உங்கள் கையில் இருப்பது கத்தியா கரண்டியா என்பது முடிவாகும்.

ஜெர்மனி என்றால் கத்திதான், கொஞ்சம் மழுங்கியது என்றாலும். 2023 ஜனவரி முதல் 3,000 ஊழியர்களுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கும், 2024 ஜனவரி முதல் 1,000 பேருக்கு மேற்பட்டவற்றுக்கும் முன்பு சொன்ன 2021-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது வழங்கல் சங்கிலிச் சட்டம் வந்தது. நிறுவனம் தன் செலவில் ஒரு முறைப்பாட்டு வழியை வைத்திருக்க வேண்டும். அதை வெளியாள் எவரும் பயன்படுத்தலாம். முறையிட்டவரின் அடையாளத்தைக் காக்க வேண்டும். நிறுவனம் அசையாவிட்டால், பாதிக்கப்பட்டவரே ஜெர்மனியின் பொருளாதார, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதலாம். பாரிய மீறல்களுக்கு 80 இலட்சம் யூரோ வரையும், மிகப் பெரிய நிறுவனங்களுக்கு வருடாந்த விற்பனையில் 2 சதவீதம் வரையும் தண்டம் விதிக்க அந்தச் சட்டம் இடம் வைத்தது. சட்டத்தைத் தளர்த்தும் முயற்சி 2025-இல் தொடங்கியது. எனவே எழுதும் நாளில் நிலவரம் என்னவென்று பார்த்துக்கொண்டே எழுதுங்கள்.

பிரான்ஸ் 2017-லேயே சட்டம் போட்டுவிட்டது. பிரான்சில் 5,000 ஊழியர்கள் அல்லது உலகெங்கும் 10,000 ஊழியர்கள் கொண்ட கம்பனிகள் விழிப்புத் திட்டம் ஒன்றை, அதாவது மனித உரிமை மீறல்களை எப்படிக் கண்டறிந்து தடுப்போம் என்று சொல்லும் திட்டத்தை, வெளியிட வேண்டும். தவறினால் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது நோர்வேயின் சட்டம். 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி உலகில் எவரும், ஆம், களுவாஞ்சிக்குடியில் இருந்தும்கூட, அச்சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனத்திடம் எழுத்தில் கேள்வி கேட்கலாம்: இந்தப் பிரச்சினையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், என்ன செய்தீர்கள்? மூன்று வாரத்தில் பதில் வர வேண்டும். கேள்வி பெரிதானால் இரண்டு மாதம். வழக்கறிஞர் வேண்டாம், கட்டணம் இல்லை. உங்கள் தொழிற்சாலைக்கு நோர்வே வாடிக்கையாளர் ஒருவர் இருந்தால் முதல் கடிதத்தை அவருக்கே எழுதுங்கள். அந்தப் பதிலை மற்ற நாட்டு நிறுவனங்களுக்கும் காட்டலாம்.

பிரித்தானியாவின் 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம் கரண்டி. 360 இலட்சம் பவுணுக்கு மேல் வியாபாரம் செய்யும் நிறுவனம் வருடாந்த அறிக்கை வெளியிட வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் அந்த அறிக்கையைத் தேடி வாசியுங்கள். “எங்கள் வழங்குநர்களிடம் கட்டாய மேலதிக வேலை கிடையாது” என்று பணிப்பாளர் ஒருவர் கையொப்பமிட்டிருந்தால், உங்கள் கடிதத்தின் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும். அவுஸ்திரேலியாவின் 2018-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே வகை. அறிக்கைகள் அரச பதிவேட்டில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன.

அமெரிக்காவில், நம் ஆடைகளின் மிகப் பெரிய சந்தையில், வேறு மாதிரியான ஆயுதம். 1930-ஆம் ஆண்டின் தீர்வைச் சட்டம் கட்டாய உழைப்பில் உருவான பொருளைத் துறைமுகத்திலேயே தடுக்கிறது. யாரும் தகவல் கொடுக்கலாம். மலேசியாவில் கையுறை செய்யும் டொப் க்ளவ் நிறுவனத்தின் பொருட்களுக்கு 2020-இல் இந்தத் தடை விழுந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலைக்கு வருவதற்காகக் கொடுத்த முகவர் கட்டணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டெம்பரில் தடை நீங்கியது. கல்முனையிலும் காத்தான்குடியிலும் இருந்து வெளிநாடு போகிறவர்களின் குடும்பங்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. ஆனால் இந்த வழி கட்டாய உழைப்புக்கு மட்டுமே: கடவுச்சீட்டைப் பறித்து வைப்பது, சம்பளத்தைப் பிடித்து வைப்பது, கடனில் மாட்டி வைப்பது, வெளியே போக விடாதது. சம்பளம் குறைவு என்பதற்காக இதைத் தொட்டால் உங்கள் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும்.

கனடா ஆடை, சுரங்கம், எண்ணெய் எரிவாயு ஆகிய துறைகளுக்கென ஒரு குறைகேள் அதிகாரிப் பதவியை உருவாக்கி, 2021 மார்ச்சில் முறைப்பாடுகளை ஏற்கத் தொடங்கியது. ஆணையிடும் அதிகாரம் அதற்கு இல்லை. நிறுவனம் ஒத்துழைக்காவிட்டால், அதற்கு அரசு தரும் வர்த்தக ஆதரவை நிறுத்தச் சொல்லிப் பரிந்துரைக்கலாம். தூதரகத்தின் சிபாரிசு, ஏற்றுமதிக் கடன் உத்தரவாதம் போன்றவைதான் எதிர்பார்ப்புக்கு முளைத்த பல். எழுதும் முன் அந்த நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியமும் 2024-இல் ஒரு பெரிய பொறுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மை காய்வதற்குள் காலக்கெடுவைத் தள்ளிப்போட்டு எல்லையையும் சுருக்கத் தொடங்கிவிட்டார்கள். கட்டாய உழைப்புப் பொருட்களுக்கான அவர்களின் தடை 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வர இருக்கிறது.

படி 3: உள்ளூரில் ஒரு முத்திரை வாங்குங்கள்

வெளிநாட்டுக்கு நேரே பாய்ந்துவிட வேண்டும் என்ற ஆவல் எல்லோருக்கும் வருகிறது. எனக்கும் வந்தது. நான் எழுதிய முதல் கடிதம் பதினொரு பக்கம். போரில் தொடங்கி, சுனாமியைக் கடந்து, விலைவாசியில் முடிந்தது. பதில் வரவில்லை. பிறகு விளங்கியது, அவர்கள் கேட்கும் முதல் கேள்வி “உங்கள் நாட்டுச் சட்டத்தில் இது மீறலா?” என்பதே.

ஆகவே முதலில் தொழில் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்துத் திகதி முத்திரையுடன் பிரதி வாங்குங்கள். எழுதுவதை இலக்கத்தில் எழுதுங்கள். தொழிற்சாலைகளில் பெண்களுக்கு மாதம் 60 மணித்தியாலத்துக்கு மேல் மேலதிக வேலை கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அந்த நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8, முதலாளியிடம் 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியிடம் மட்டும் 3 சதவீதம். சிட்டையில் எது குறைகிறது என்று கூட்டிக் கழித்துப் பாருங்கள். வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் தொழில் நியாய சபைக்குப் போகும் காலம் குறுகியது; வெளிநாட்டுப் பதிலுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள்.

கராச்சியில் நடந்தது இதற்குப் பாடம். 2012 செப்டெம்பர் 11 அன்று அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிரதான கொள்வனவாளர் கிக் என்ற ஜெர்மன் நிறுவனம். 2016-இல் அது 51.5 இலட்சம் டொலர் கொடுக்க உடன்பட்டது. ஆனால் குடும்பங்கள் டோர்ட்மண்ட் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, பாகிஸ்தான் சட்டப்படி காலம் கடந்துவிட்டது என்று 2019 ஜனவரியில் தள்ளுபடியானது. யார் பக்கம் நியாயம் என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை.

எதிராளி அரச அலுவலகம் என்றால் பாதை வேறு. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகங்கள் உண்டு. தனியார் முதலாளியுடனான சம்பளத் தகராறு அவர்கள் வரம்பில் இல்லை. அரசின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் வரும். உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் கால எல்லை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

கையில் ஆவணம் இல்லையென்றால் 2016-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். தொழிற்சாலையிடம் அல்ல, திணைக்களத்திடம் கேளுங்கள்: கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள், என்ன எழுதினீர்கள்? தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

படி 4: ஆதாரம்

சம்பளச் சிட்டைகள், நியமனக் கடிதம், வருகை அட்டையின் படம். இவை உங்களுடையவை, உங்களுடையதை மட்டும் சேருங்கள். அத்துடன் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, தினமும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், அன்றைய டார்கெட், மேற்பார்வையாளர் சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிய கொப்பியைப் பார்த்தால் தெரியும்: ஒரே மை, ஒரே சாய்வு.

வெளியார் கணக்காய்வு அறிக்கைகள் ‘எல்லாம் நன்று’ என்கின்றனவே என்று மிரளாதீர்கள். அந்த நாள் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் இரவு அவசர வாசலை மறித்திருந்த அட்டைப்பெட்டிகள் நகரும். தரையில் மஞ்சள் கோடு புதிதாகப் பூசப்படும், காலையில் செருப்பில் ஒட்டும். முதலுதவிப் பெட்டிக்குள் அதுவரை கண்டிராத களிம்பெல்லாம் வந்து உட்காரும். கேள்வி கேட்டால் என்ன சொல்வது என்று லைன் லைனாகச் சொல்லிக்கொடுப்பார்கள். நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதில் எனக்குப் பெருமை இல்லை. கராச்சித் தொழிற்சாலைக்கும் தீப்பிடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சர்வதேசச் சான்றிதழ் ஒன்று கிடைத்திருந்தது. ஆகவே கொப்பியில் கணக்காய்வு நாளையும் அதற்கு அடுத்த நாளையும் தனியாகக் குறியுங்கள். பெட்டிகள் எத்தனை மணிக்குத் திரும்பி வந்தன என்ற ஒரு வரி, ஒரு சான்றிதழை ஆட்டிவிடும்.

வாட்ஸ்அப் குழு தொடங்கி அதில் பேசாதீர்கள். நாற்பது பேர் இருந்தால் ஒருவர் மேலிடத்துக்குப் படம் பிடித்து அனுப்புவார்.

படி 5: கடிதம்

ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நீங்கள் யார் (பெயர் வேண்டாம், பிரிவும் எத்தனை பேர் என்பதும் போதும்), எந்தத் தொழிற்சாலை, எந்த லேபல், என்ன நடந்தது, எந்தத் திகதிகளில், உள்ளூரில் என்ன செய்தீர்கள், என்ன வேண்டும். பெயர் சொல்லத் தயக்கம் இருந்தால் தொழிற்சங்கம் ஒன்றின் வழியாக அனுப்புங்கள். சங்கம் இல்லையா? ஏழு பேர் சேர்ந்தால் இலங்கைச் சட்டப்படி ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம்.

எழுதும்போது ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஐ.நா. கோட்பாடுகள் ஒரு நிறுவனத்தின் பொறுப்பை மூன்றாகப் பார்க்கின்றன: தீங்கைத் தானே விளைவித்தது, அதில் பங்களித்தது, வியாபாரத் தொடர்பால் மட்டும் தீங்கோடு சேர்ந்திருப்பது. ‘எங்களுக்கும் அதற்கும் தொடர்பு மட்டும்தான்’ என்றே கொள்வனவாளர் சொல்வார். ஆனால் அவரே வெள்ளிக்கிழமை மாலை நிறத்தை மாற்றச் சொல்லிவிட்டு, ஏற்றுமதித் திகதியை மாற்றாமல் விட்டிருந்தால்? அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையில் அவருக்கும் பங்கு உண்டு. பங்களித்தவருக்கு ஈடு செய்வதிலும் கடமை உண்டு. அக்காவின் கொப்பியில் இப்படி மூன்று வெள்ளிக்கிழமைகள் இருந்தன. கடிதத்தில் நாங்கள் அடிக்கோடிட்டது அவற்றைத்தான்.

கடைசிப் பந்தியில் இதை எழுத மறக்காதீர்கள்: “ஓடரை நிறுத்த வேண்டாம், திருத்துங்கள்.” தலைவலிக்கு மருந்தாகத் தலையை வெட்டும் பழக்கம் சில நிறுவனங்களுக்கு உண்டு. பிரச்சினை என்றதும் ஓடரை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டு, மனச்சாட்சி சுத்தம் என்பார்கள். மட்டக்களப்பில் ஒரு லைன் மூடினால் அந்தப் பெண்கள் போவதற்கு இன்னொரு லைன் பக்கத்தில் இல்லை. விலகுவதால் வரும் தீங்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று 19-ஆவது கோட்பாடே சொல்கிறது. அந்த எண்ணைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

தமிழில் எழுதி, நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள். மூலம் தமிழில் இருந்தால், பிறகு ஒரு சொல்லைப் பிடித்துத் திரிக்கும்போது திரும்பிப் போய்க் காட்ட இடம் இருக்கும்.

படி 6: நிறுவனம் பேசாவிட்டால்

ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு, பன்னாட்டு நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகளை 1976-இல் வெளியிட்டது. 2011-இல் மனித உரிமை அத்தியாயம் சேர்ந்தது. 2023-இல் மீண்டும் திருத்தினார்கள். அதை ஏற்ற 50-க்கும் மேற்பட்ட நாடுகள் ஒவ்வொன்றிலும் தேசியத் தொடர்பு நிலையம் என்ற அரச அலுவலகம் இருக்க வேண்டும். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. பரவாயில்லை, முறைப்பாடு போக வேண்டியது நிறுவனத்தின் தாய்நாட்டுக்கு. இந்தியா, சீனா, சவூதி அரேபியா ஆகியவையும் பட்டியலில் இல்லை என்பதால் அந்த நாட்டு நிறுவனங்களிடம் இந்தக் கதவு கிடையாது. ஜப்பான், கொரியா, துருக்கி உண்டு.

கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. அலுவலகம் முதலில் முறைப்பாட்டில் பொருள் இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு இரு தரப்பையும் மத்தியஸ்தத்துக்கு அழைக்கும். இறுதியில் அறிக்கை ஒன்றை வெளியிடும். நிறுவனம் வர மறுத்தால் வற்புறுத்த முடியாது. ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும். பல முறைப்பாடுகள் வெறும் அறிக்கையோடு முடிகின்றன. நான் இதைக் கடைசிப் படியாக வைத்ததற்குக் காரணம் அதுவே.

ஆனாலும் கொங்கோ நாட்டில் ஹைனெக்கன் நிறுவனத்தின் துணைக் கம்பனியான பிராலிமாவில் வேலை இழந்த 168 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். 1999-க்கும் 2003-க்கும் இடையில், உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் நிறுத்தப்பட்டவர்கள். 2015-இல் நெதர்லாந்தின் தொடர்பு நிலையத்தில் முறையிட்டார்கள். 2017-இல் பண இழப்பீட்டுடன் உடன்பாடு வந்தது. நீதிமன்றத்துக்கு இருப்பது போன்ற இறுக்கமான கால எல்லை இங்கே இல்லை. போர்க்காலத்தில் நடந்தவற்றைச் சுமந்துகொண்டிருக்கும் நம் ஊர்களுக்கு இது சின்ன விடயம் அல்ல.

கரையும் காணியும் பறிபோகும்போது

ஒலுவில் துறைமுகம் டென்மார்க்கின் கடன் உதவியுடன் கட்டப்பட்டு 2013-இல் திறக்கப்பட்டது. பிறகு கடல் கரையை அரித்தது. தென்னங்காணிகள் கடலுக்குள் போயின. துறைமுக வாயிலையோ மணல் மூடியது. மீனவர்கள் ஒரு பக்கமும் காணிக்காரர்கள் மறுபக்கமும் நின்று, வாயிலைத் தோண்டு, தோண்டாதே என்று போராடும் நிலை வந்தது. ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட வேலைகளில் லேபலின் இடத்தில் பணம் இருக்கிறது. எந்த வங்கி கடன் கொடுத்தது, எந்த நாட்டு அரசு அதற்கு உத்தரவாதம் கொடுத்தது? தகவல் அறியும் உரிமை விண்ணப்பத்தில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. உலக வங்கியின் பணம் என்றால் அதன் பரிசோதனைக் குழு 1993 முதல் இருக்கிறது. ஆசிய அபிவிருத்தி வங்கிக்கும் தனி முறைப்பாட்டுப் பொறிமுறை உண்டு. மூன்றாவது தூண் எழுந்தபின் கொடுக்கும் மனுவைவிட, அளவைக் கல் நடும் நாளில் கொடுக்கும் மனுவுக்கு வலு அதிகம். இல்மனைட் மணலானாலும் இறால் பண்ணையானாலும், வாகரையானாலும் பொத்துவிலானாலும், சுற்றாடல் அறிக்கையின் பிரதியைக் கேட்பதுதான் முதல் வேலை.

பதில் வந்தால்

அக்காவின் கடிதத்துக்கு ஐந்து வாரத்தில் பதில் வந்தது. விசாரிக்க ஆள் அனுப்புகிறோம், தொழிற்சாலைக் கூட்ட அறையில் சந்திக்கலாம் என்றார்கள். அங்கே போகக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். நீங்களும் நில்லுங்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேற்பார்வையாளர் நடந்து திரியும் அறையில் எந்தப் பெண்ணும் வாய் திறக்கமாட்டாள். கல்லடியில் ஒரு மண்டபத்தின் பின் அறையைக் கேட்டு வாங்கினோம். இரண்டாவது நிபந்தனை, மொழிபெயர்ப்பாளர் தமிழ் பேசுபவராக, நிர்வாகம் அனுப்பாதவராக, இயன்றால் பெண்ணாக இருக்க வேண்டும். கொழும்பிலிருந்து வந்தவர் சிங்களம் மட்டும் பேசினார். சந்திப்பை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். அந்த ஒரு வாரத்துக்காக என்னைத் திட்டியவர்கள் உண்டு.

அடுத்த வாரம் வந்த பெண் முதலில் கேட்டது கதையை அல்ல, காகிதத்தை. அக்கா பொலித்தீன் பையிலிருந்து பதினான்கு மாதச் சம்பளச் சிட்டைகளை எடுத்து மேசையில் மாத வரிசைப்படி அடுக்கினார். பக்கத்தில் கொப்பியை விரித்து வைத்தார். மார்ச் மாதச் சிட்டையில் மேலதிக நேரம் 31 மணித்தியாலம், கொப்பியில் 68. வந்தவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இரண்டையும் இன்னொரு முறை கூட்டிப் பார்த்தார்.